வெயிலுக்குக் குடை பிடிக்கக் கூச்சப்படும் ஆண்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், தம்பிமார், மாமன் மச்சான் முறையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நான் கரூர் மாவட்டத்தில், க.பரமத்தி பக்கம், ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். பெரியவர்கள் என்னை நர்சம்மா என்பார்கள், படிக்கிற பையன்கள் சிஸ்டர் என்பார்கள். பத்தொன்பது வருடமாக வீடு வீடாக நடக்கிறேன். தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு, பச்சைக் குழந்தை எடை. இப்போது பிரஷர், சர்க்கரைக்காரர்களையும் பார்க்க வேண்டும். ஒரு தோளில் பை, ஒரு கையில் கறுப்புக் குடை. அந்தக் குடை மழைக்கு வாங்கியதில்லை என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கம் மழை பெய்கிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நடக்கும்போது உங்களில் யாராவது எதிரே வருவீர்கள், இல்லை கூடவே வருவீர்கள். "வாங்கண்ணா, குடைக்குள்ள வாங்க" என்று கூப்பிடுவேன். "இருக்கட்டுங்க நர்சம்மா, எங்களுக்கு வெயில் பழக்கந்தானுங்க" என்று இரண்டடி தள்ளியே நடப்பீர்கள். ஒரு பெண்ணோடு ஒரே குடைக்குள் நடந்தால் நன்றாக இருக்காது என்று தள்ளிப் போகிறீர்கள் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படியென்றால் சொந்தமாக ஒன்று வைத்திருக்கலாமே என்று பிறகுதான் தோன்றியது. நானும் கவனித்துப் பார்த்துவிட்டேன். கத்திரி வெயிலில், மணி பதினொன்றுக்கு மேல், எங்கள் ரோட்டில் குடையோடு நடக்கிற ஆண் என்றால் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்தான்.

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பேர் வேண்டாம் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மணி பன்னிரண்டரை இருக்கும். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர். ரோட்டை அகலப்படுத்தும்போது இரண்டு பக்கமும் இருந்த புளியமரங்களை எடுத்துவிட்டதால் அவ்வளவு தூரத்துக்கும் ஒதுங்க இடமில்லை. பாதி வழியில், பாலத்துக் கட்டையை ஒட்டி ஒருவர் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது. எனக்கு முன்னால் இரண்டு பைக் அவரைத் தாண்டிப் போயின. குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் கிட்டே போய்க் கையைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி இருந்தது. வியர்வையே இல்லை, தோல் காய்ந்து கிடந்தது. பேர் கேட்டேன். மாட்டை யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்று என்னவோ சொன்னார்.

புத்தி தடுமாறிவிட்டால் அது வெறும் மயக்கம் இல்லை, வெப்பவாதம். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் மூளை, சிறுநீரகம் எல்லாமே அடிபடும். 108-க்குப் போன் போட்டுவிட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரை அவர் தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றினேன். அவர் துண்டை நனைத்து நெஞ்சில் போட்டேன். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடி வந்து என் குடையை வாங்கி அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். கால் இரண்டும் வெயிலிலேயே இருந்தன.

வீட்டு நம்பர் கிடைக்குமா என்று அவருடைய மஞ்சப் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு பாஸ்புக், அரைக் கிலோ மிக்சர், ஒரு புதுக் குடை. கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பூ போட்ட மூன்று மடிப்புக் குடை, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. காலேஜில் சேரப்போகிற மகளுக்குக் கரூரில் வாங்கியது என்று பின்னால் தெரிந்தது. அதை விரித்துத்தான் கால் பக்கம் வைத்தோம். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது.

பிழைத்துவிட்டார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த வாரம் மனைவியோடு நிலையத்துக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "பையிலதான் குடை இருந்துதில்லீங்க, எடுத்து விரிச்சிருக்கலாமே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அதெப்படிங்க நர்சம்மா, பூப்போட்ட குடை. பொம்பளப் புள்ளை மாதிரி புடிச்சுட்டு வந்தா ரோட்டுல நாலு பேரு பார்ப்பாங்கல்ல."

அந்த நேரத்தில் அந்த ரோட்டில் நாலு பேர் இல்லை. ஆடு மேய்த்த அக்கா இருந்தார், நான் இருந்தேன். போன இரண்டு பைக்கும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து எங்கே போனாலும் இதையே கவனிக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லாத இடத்தில் பாருங்கள். கரண்டுக் கம்பத்தின் நிழல் தரையில் ஒரு சாண் அகலத்துக்கு விழுந்திருக்கும். அந்த ஒரு சாணுக்குள் ஆண்கள் ஐந்தாறு பேர், ஒருவர் பின்னால் ஒருவராக, ரேஷன் வரிசை மாதிரி நிற்பார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். கொஞ்ச வருடமாகக் கோடையில் சென்னை, கோவை, புதுச்சேரி சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போடுகிறார்கள். சிக்னல் பச்சையானாலும் சிலருக்கு அந்த வலையை விட்டு வண்டியை எடுக்க மனசு வராது. நிழல் வேண்டாம் என்று உங்களில் ஒருவரும் சொல்வதில்லை. மரம் கொடுத்தால் நிற்பீர்கள், வலை கட்டினால் நிற்பீர்கள், கம்பத்து நிழலில்கூட ஒடுங்கி நிற்பீர்கள். அதே நிழலை நீங்களே கையில் பிடித்துக்கொண்டு நடப்பதில்தான் என்னவோ குறைந்துபோகிறது என்று நினைக்கிறீர்கள்.

உங்கள் தாத்தாமார் அப்படி நினைக்கவில்லை. எங்கள் அப்புச்சியிடம் ஒரு பெரிய கறுப்புக் குடை இருந்தது. வளைந்த மரப்பிடி, குத்துக் கம்பி நுனியில் பித்தளைப் பூண். சந்தைக்குக் கிளம்பினால் அது இல்லாமல் படி இறங்க மாட்டார். சுருக்கியிருந்தால் சட்டைக் காலரின் பின்பக்கம் பிடியை மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடப்பார். மாட்டு வியாபாரத்துக்கு வந்த தரகர் எல்லாரும் அப்படித்தான், குடை முதுகில் ஆடும். பள்ளிக்கூடத்து வாத்தியார், கர்ணம், போஸ்ட்மேன், கல்யாணத் தரகர், எல்லோர் கையிலும் குடை உண்டு. பெண்களுக்குத்தான் முந்தானை. அப்போது குடை என்றாலே ஆண் வைத்திருக்கும் சாமான்.

வருடத்துக்கு ஒரு தடவை, பங்குனி வாக்கில், குடை ரிப்பேர்க்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தே வேலை வாங்குவார். ஒடிந்த கம்பியைக் குறடால் நெம்பி எடுத்துவிட்டு, பழைய குடையிலிருந்து கழற்றிய கம்பியை அந்த இடத்தில் கோத்து, துணியின் முனையைக் கம்பி நுனி ஓட்டைக்குள் நூல் விட்டு மூன்று தையல் போடுவார். கடைசியில் கம்பி மடங்குகிற இடத்திலெல்லாம் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். எட்டுக் கம்பிக்கும் எட்டுச் சொட்டு. விரித்து மூடிப் பார்த்து, சத்தம் வரவில்லை என்றால்தான் அப்புச்சி காசு கொடுப்பார். ஒரே குடை எனக்குத் தெரிந்து பதினைந்து வருடம் உழைத்தது.

பிறகு எப்படிப் போனது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் அப்பாமார் கைக்கு முதலில் சைக்கிள் வந்தது, அப்புறம் மொபெட், அப்புறம் பைக். வண்டியில் போகிறவனுக்குக் குடை பிடிக்க முடியாது. நடக்கிறது குறைந்ததும் குடை பரணுக்குப் போய்விட்டது. அதே சமயத்தில் மடக்குக் குடை வந்தது. அதில் பூப் போட்டு, கரை வைத்து, கடைக்காரரே இது லேடீஸ், இது ஜென்ட்ஸ் என்று பிரித்து மாட்டினார். ஜென்ட்ஸ் குடையை மழைக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு முப்பது நாற்பது வருடப் பழக்கம்தான் இது. பரம்பரைப் பழக்கம் என்றோ, ஆண்பிள்ளை லட்சணம் என்றோ இதற்குப் பேர் வைக்க ஒன்றுமில்லை.

வெயில் பழக்கம் என்று சொல்கிறீர்களே, அதையும் பேசிவிடுவோம். உடம்பு ஓரளவு பழகும் என்பது உண்மை. இரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும், உப்பு குறைவாக வெளியேறும். அந்தப் பழக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. டிவியில் க.பரமத்தியில் வெயில் சதமடித்தது, 104 டிகிரி ஃபாரன்ஹீட் என்று சொல்கிறார்களே, அது எங்கே எடுத்த அளவு தெரியுமா? வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்து, காற்று போக இடுக்கு விட்டு, வெயில் நேராகப் படாமல் எடுப்பது. உலகம் முழுக்க அப்படித்தான் எடுப்பார்கள். ஆக அந்த 104 நிழலின் சூடு. நீங்கள் நிற்பது வெயிலில். காற்றின் சூட்டோடு சேர்ந்து சூரியன் நேராக உங்கள் உடம்பின் மேல் கொட்டுவது தனி. அது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

அந்தத் தனிக் கணக்கைத்தான் குடை குறைக்கிறது. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சுமார் 1000 வாட் சூடு விழுகிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள குடையை விரித்தால் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அதாவது வீட்டில் இருக்கிற இஸ்திரிப் பெட்டி ஒன்று எரிகிற அளவுச் சூட்டை அந்தத் துணி வாங்கிக்கொள்கிறது. குடை இல்லாவிட்டால் அது உங்கள் உச்சந்தலை, பிடரி, தோள், சுற்றியுள்ள தரை எல்லாவற்றிலும் விழும். துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறோமே என்பீர்கள். போடாததற்குப் போடுவது நல்லதுதான். ஆனால் துண்டு சூடானால் அந்தச் சூடு நேராக மண்டைக்கு இறங்கும். குடைத்துணி சூடானாலும் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் காற்று இருக்கிறது. கறுப்பு சூட்டை இழுக்கும், அதனால் கறுப்புக் குடை ஆகாது என்று சிலர் சொல்வதற்கும் இதுதான் பதில். இழுக்கட்டும், உங்களை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் இழுக்கிறது. 2013இல் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் சாதாரணக் கைக்குடைகளை வெயிலில் விரித்து அளந்து பார்த்தார்கள். தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிரை எல்லாக் குடையும் முக்கால் பங்குக்கு மேல் தடுத்தது, கறுப்புக் குடைகள் 90 சதவீதமாவது தடுத்தன.

குடையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தார் ரோட்டிலிருந்து மேலே எழும் அனலைக் குடை தடுக்காது. அனல் காற்றையும் தடுக்காது. தண்ணீர் குடிக்க வேண்டியது குடிக்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் ஸ்டாப்பில் இருந்து ஊருக்கு நடக்கிற அந்த இருபது நிமிடத்தில், நம் கையில் இருக்கிற ஒன்றால் குறைக்கக்கூடிய சூடு இவ்வளவு என்றால் அதை ஏன் விட வேண்டும்?

இன்னொன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். உங்களில் நிறையப் பேர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அட்டையைப் பார்த்து நான் தானே எழுதுகிறேன், எனக்குத் தெரியும். அதில் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும். சில, நெஞ்சுத் துடிப்பைக் குறைத்து வைக்கும். வெயிலில் உடம்பு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள வியர்வையும் வேண்டும், ரத்தம் தோலுக்கு ஓடவும் வேண்டும். இரண்டுக்குமே அந்த மாத்திரைகள் கொஞ்சம் குறுக்கே நிற்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள், வெயிலை மட்டும் தவிருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான். மத்தியானத்தில் டாஸ்மாக்கில் இருந்து வெயிலோடு நடந்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சாராயம் உடம்புத் தண்ணீரை இன்னும் வற்ற வைக்கும். இருபது வயதில் பழகிய வெயிலை ஐம்பது வயதில் அதே உடம்போடு நீங்கள் தாங்கவில்லை.

சரி, கூச்சத்துக்கு வருகிறேன்.

என் ரவுண்டில் காலனியில் ஒரு தாத்தா இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். பத்தடி தள்ளித் தெருக்குழாய். அங்கே போகவும் குடையை விரித்துக்கொண்டுதான் போவார். ஒரு நாள் காலில் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது, "தாத்தா, இந்தத் தூரத்துக்குமா குடை" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கட்டு முடிந்த பிறகு சொன்னார். "நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப எங்கண்ணன் மெட்ராசுல வேலைக்குப் போயி ஒரு குடை வாங்கியாந்தான் கண்ணு. ஊருக்கு வெளிய வரைக்கும் விரிச்சுட்டு வருவான். ஊர்த்தெரு வந்தாச்சுன்னா சுருக்கிக் கக்கத்துல வெச்சுக்கோணும். செருப்பு கைக்கு வந்துரோணும். எத்தனை வெயிலா இருந்தாலும் அப்படித்தான். ஒரு நாள் சுருக்காம போனான்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இது எங்கள் பக்கத்துக் கதை மட்டும் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரில், 19ஆம் நூற்றாண்டில்கூட நாடார்களும் அவர்களுக்குக் கீழே என்று வைக்கப்பட்ட சாதியாரும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்த அதே ஊர். வெயில் எல்லோர் மேலும் ஒன்றாகத்தான் விழுந்தது. அதைத் தடுத்துக்கொள்ளும் உரிமையைச் சிலருக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்கிறோமே, அந்தப் பழமொழியை நான் வாயில் எடுப்பதில்லை. பகலில் குடை பிடிக்க விடாதவர்கள் சொன்ன பழமொழி அது என்று எனக்குப் படுகிறது. அந்தத் தாத்தாவின் அண்ணன் விரித்துப் பிடிக்க ஆசைப்பட்ட சாமானை, யாரும் தடுக்காத இந்தக் காலத்தில் நீங்களே பைக்குள் சுருக்கி வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். நாலு பேர் பார்ப்பார்கள் என்கிறீர்கள். அந்தக் காலத்து நாலு பேருக்காவது கையில் தடி இருந்தது.

ஆண்கள் இந்த விஷயத்தில் கூச்சப்படுவது நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் வெயிலுக்கென்றே தனிக் குடை உண்டு, ஆனால் அது பெண்கள் சாமான் என்று வெகுகாலம் இருந்தது. தோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமா என்று ஒரு மாகாணம். அங்கே குமகாயா என்ற ஊர் வெயிலுக்குப் பேர்போனது, நம் வேலூர், க.பரமத்தி மாதிரி. 2017இல் அந்த மாகாண அரசின் சுற்றுச்சூழல் துறையில் வேலை செய்யும் ஆண் ஊழியர்களே சேர்ந்து, ஆண்களும் வெயிலுக்குக் குடை பிடிக்கலாம் என்று பரப்புவதற்கு ஒரு குழு அமைத்தார்கள். கோட்டு, டை கட்டிய ஆபீஸ்காரர்கள் குடையை விரித்துக்கொண்டு வேலைக்கு நடந்தார்கள். அடுத்த வருடமே, 2018 ஜூலை 23 அன்று, குமகாயாவில் 41.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதுவரை ஜப்பானில் அவ்வளவு வெயில் அடித்ததே இல்லை. 2019இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சரே, தந்தையர் தினத்துக்கு அப்பாவுக்கு ஒரு வெயில் குடை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நமக்கு 41 புதிதே இல்லை. சென்னையிலேயே 2003 மே கடைசியில் 45 அடித்திருக்கிறது.

நம் அரசாங்கமும் சும்மா இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டார்கள். வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். புயல், வெள்ளத்துக்குச் சமமாக வெயிலையும் வைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் வருவதற்கு ஓர் ஆள் போயிருக்க வேண்டும், வெயிலால்தான் போனார் என்று எழுதவும் வேண்டும். ரோட்டில் விழுந்தவரை மாரடைப்பு என்று எழுதிவிட்டால் வெயிலின் பேரே வராது. நல்ல கறுப்புக் குடை ஒன்று முந்நூறு ரூபாய்.

கல் குவாரியில், கட்டட வேலையில், மூட்டை தூக்குவதில் இருக்கிற அண்ணன்மார் இந்நேரம் கேட்பீர்கள், இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது குடையை எந்தக் கையில் பிடிக்கிறது என்று. நியாயமான கேள்வி. உங்களுக்கு நான் குடை பிடிக்கச் சொல்லவில்லை. உங்களை வேலைக்கு வைத்திருக்கிறார்களே, அந்த மேஸ்திரிகளும் முதலாளிகளும் இந்த மடலில் நான் கூப்பிட்ட அண்ணன்மாரில்தான் சேர்த்தி, அவர்களுக்குச் சொல்கிறேன். கேரளாவில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை உத்தரவு போட்டு, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு 12 மணியிலிருந்து 3 மணி வரை ஓய்வு கொடுக்க வைக்கிறது. காலையில் சீக்கிரம் தொடங்கி, வெயில் தாழ மறுபடி தொடர்கிறார்கள். உத்தரவு வந்தால்தான் செய்ய வேண்டும் என்று இருக்கிறதா? சந்தையில் காய்கறிக்காரர் நட்டு வைக்கிற பெரிய குடை இருக்கிறதே, அதில் நான்கை வாங்கி, சிமெண்டுச் சட்டியில் கம்பத்தை நிறுத்தி, கல் உடைக்கிற இடத்தில் வையுங்கள். ஆள் நகர்ந்தால் குடையும் நகரட்டும். போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு கொத்தனார் அப்படிச் செய்தார். மத்தியானத்துக்கு மேல் செங்கல் கைமாறுகிற வேகம் குறையவே இல்லை என்று அவரே சொன்னார்.

பைக்கில் போகும்போது மட்டும் தயவுசெய்து குடையை விரிக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவோ சம்சாரமோ விரித்தாலும் விட வேண்டாம். காற்று பிடித்து இழுத்து விழுந்தவர்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன், ஒருவர் திரும்பி எழவில்லை. வண்டியை விட்டு இறங்கி நடக்கிற தூரத்துக்குத்தான் குடை.

வாங்கும்போது இவ்வளவு பாருங்கள். துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவு வழியே வெளிச்சம் சல்லடை மாதிரி தெரியக் கூடாது. கறுப்பு, கருநீலம், இல்லை உள்பக்கம் கறுப்பாகவும் வெளிப்பக்கம் வெள்ளிப்பூச்சாகவும் இருப்பது. சின்னதாக, அழகாக, பாக்கெட்டுக்குள் போகிற மாதிரி வேண்டாம், தோள் நனைகிற குடையால் வெயிலிலும் தோள் காயும். கம்பி எட்டாவது இருக்கட்டும். பிடிக்கும்போது நேராக உச்சிக்கு மேல் பிடிக்காமல், நிழல் உங்கள் முகத்திலும் நெஞ்சிலும் விழுகிற பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

முதல் இரண்டு நாள் யாராவது ஏதாவது சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்து ஒரு குரல் வரும், என்ன மாப்ளே, கறுத்துப் போயிருவியா என்று. சொல்லட்டும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் பிரஷர் அளவு எனக்குத் தெரியும், அவருக்கும் குடை வேண்டும். வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், அக்கா குடைக்குள் வர மாட்டேன் என்று வெயிலில் தனியாக நடந்து பள்ளிக்கூடம் போனதை நான் பார்த்தேன். பத்து வயதுக்குள் அவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? மூக்கில் ரத்தம் வந்து அவனையும் நிலையத்துக்குத்தான் கூட்டி வந்தார்கள்.

அன்றைக்கு விழுந்தவர் இப்போது குடையோடுதான் நடக்கிறார். மகள் காலேஜுக்குக் கத்திரிப்பூக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் சந்தையில் மரப்பிடி போட்ட பெரிய குடை ஒன்று வாங்கியிருக்கிறார். சட்டைக் காலரில் மாட்டிப் பார்த்தாராம், இந்தக் காலத்துக் காலர் பாரம் தாங்கவில்லை, அதனால் தோளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

மே 4 அன்று கத்திரி தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்திருக்கிறேன். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் டீக்கடையில், உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம், ஆணியில் ஆறு கறுப்புக் குடை மாட்டியிருக்கிறது. கடைக்காரர் சம்மதத்தோடுதான். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம். ஊருக்குள் வந்ததும் நிலையத்துக் கதவுக் கொண்டியில் மாட்டிவிடுங்கள், சாயங்காலம் நான் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். கடைசியில் இருக்கிற குடைக்கு மட்டும் ஒரு கம்பி தளர்ந்திருக்கிறது, பாலத்துக்கிட்டே காற்று அடித்தால் மேல் பக்கம் மடங்கிவிடும். அதை ரிப்பேர் செய்கிற வரைக்கும் மற்ற ஐந்தில் ஒன்றை எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் நர்சம்மா